முகக் கிரீமுக்கு மூலம் கண்ட 102 வயது மேதை

மார்கழி பிறந்துவிட்டால் ராசிபுரம் பக்கம் கை கால்கள் வெள்ளை பூக்கும். உதடு வெடிக்கும். குதிகால் பிளந்து, நடந்தால் வலிக்கும்.

முன்பெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? கொட்டமுத்து எண்ணெயைக் காய்ச்சிக் காலில் தடவினார்கள். உதட்டுக்கு நெய் வைத்தார்கள். ராசிபுரம் நெய் பேர்போன நெய் அல்லவா! பலகாரத்துக்குப் போக, ஒரு விரல் நெய் உதட்டுக்கும் கிடைத்தது.

இன்று அப்படி இல்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கடையில் போய் நின்றால் கண்ணைப் பறிக்கிறது. புட்டி, டப்பா, டியூப் என்று நூறு வகை. ஒன்று 40 ரூபாய். இன்னொன்று 800 ரூபாய். பெண்ணைப் பெற்றவர் எதை வாங்குவார்? மகள் 800 ரூபாயைக் காட்டுகிறாள். அப்பா 40 ரூபாயைப் பார்க்கிறார்.

இந்தச் சண்டையைத் தீர்க்கக்கூடிய ஒரு மனிதர் இருந்தார். அவர் இறந்து நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் புட்டிகளைத் திருப்பி, முதுகில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், சீட்டைல் ஆல்கஹால், கொலஸ்டிரால் என்றெல்லாம் இருக்கும். இவற்றைப் பிரித்துக் காட்டியவர், அல்லது பெயர் சூட்டியவர், அந்த ஒரே மனிதர்தான்.

அவர் பெயர் மிஷேல் ஷெவ்ரல். பிரான்சு நாட்டுக்காரர்.

புரட்சியில் வளர்ந்த பையன்

ஷெவ்ரல் 1786-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந்தேதி ஆன்ஷே என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் அறுவை வைத்தியர். அந்த ஊர் வைத்தியப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். தகப்பனார் 91 வயதும், தாயார் 93 வயதும் வாழ்ந்தார்கள். நீண்ட ஆயுள் அந்த வீட்டுச் சொத்து போலிருக்கிறது!

பையனுக்கு மூன்று வயது ஆகும்போது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அரசனின் தலை விழுந்தது. ஊருக்கு ஊர் கில்லட்டின் என்ற தலைவெட்டி எந்திரம் வந்தது. ஆன்ஷே ஊரிலும் வந்தது. ஏழு வயதுச் சிறுவனாக இருந்தபோது, அந்த எந்திரத்தில் ஆட்கள் வெட்டப்பட்டதை ஷெவ்ரல் கண்ணால் கண்டார் என்பார்கள். அந்தக் காட்சி அவர் மனதை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

1803-ம் ஆண்டில், 17 வயதில், பாரீசுக்குப் போனார். அங்கே வோக்லன் என்ற பெரிய ரசாயன அறிஞர் இருந்தார். குரோமியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அவரிடம் ஷெவ்ரல் சீடராகச் சேர்ந்தார். அடுப்பு ஊதுவது, குடுவை கழுவுவது, நிறுப்பது, வடிகட்டுவது என்று எல்லா வேலையும் கற்றுக்கொண்டார்.

முத்துப்போல் மின்னிய வஸ்து

ஒருநாள் ஒரு நெசவு ஆலையிலிருந்து கொஞ்சம் சோப்பு வந்தது. வழவழப்பான மென்சோப்பு. அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவேண்டும். வேலை ஷெவ்ரலிடம் வந்தது. 1811-ம் ஆண்டு வாக்கில் நடந்தது இது. அவருக்கு அப்போது வயது 25.

சோப்பு என்பது அந்தக் காலத்தில் புதிய பொருள் அல்ல. கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு வரும் என்பது ஆயிரம் ஆண்டுகளாகத் தெரியும். ஆனால், ஏன் வருகிறது? கொழுப்புக்கு உள்ளே என்ன நடக்கிறது? அது யாருக்கும் தெரியாது. கொழுப்பு என்பது தண்ணீரைப்போல ஒரே வஸ்து, காரம் அதோடு ஒட்டிக்கொள்கிறது என்று பலர் நினைத்திருந்தார்கள்.

ஷெவ்ரல் அந்தச் சோப்பில் நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கினார். பாத்திரத்தின் அடியில் ஏதோ படிந்தது. முத்தைப்போலப் பளபளத்தது. இன்னொருவராக இருந்தால், ஆலைக்கு இரண்டு வரி பதில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார். ஷெவ்ரல் விடவில்லை. அந்தப் பளபளப்பை எடுத்து அமிலம் விட்டுப் பார்த்தார். காரம் போய்விட்டது. ஆனால் பழைய கொழுப்பு திரும்பி வரவில்லை! புதிய வஸ்து ஒன்று வந்தது. அதுவே ஓர் அமிலம்.

கொழுப்புக்குள் அமிலமா? அன்றைய ரசாயனக்காரர்களுக்கு இது அதிசயம். அமிலம் என்றால் புளிக்கவேண்டும், அரிக்கவேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள்.

அன்று தொடங்கிய வேலை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியது. பன்றிக் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு, வெண்ணெய், திமிங்கிலத்தின் தலையில் எடுக்கும் மெழுகு, மனிதனின் பித்தப்பையில் வரும் கல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரித்த வஸ்து சுத்தமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். சாராயத்தில் கரைப்பார். குளிர வைப்பார். படிந்ததை எடுத்து, எந்தச் சூட்டில் உருகுகிறது என்று பார்ப்பார். மறுபடி கரைப்பார், மறுபடி பார்ப்பார். உருகும் சூடு மாறாமல் நிற்கும்வரை விடமாட்டார். மாதக் கணக்கில் இதே வேலை. கேட்பதற்குச் சலிப்பாக இருக்கிறது அல்லவா? அவருக்குச் சலிக்கவில்லை.

1823-ம் ஆண்டில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

கொழுப்பின் ஜாதகம்

அவர் கண்ட உண்மை இதுதான். எந்தக் கொழுப்பை எடுத்தாலும், எந்த எண்ணெயை எடுத்தாலும், அதில் இரண்டு பங்காளிகள் இருக்கிறார்கள். ஒருவர் கொழுப்பு அமிலம். மற்றவர் இனிப்பான ஒரு பாகு.

அந்தப் பாகை 1779-ம் ஆண்டிலேயே ஷீலே என்ற ரசாயன அறிஞர் சுவீடன் நாட்டில் கண்டிருந்தார். ஆலிவ் எண்ணெயை ஈயப் பொடியோடு காய்ச்சியபோது அவருக்குக் கிடைத்தது. ஆனால், அது எல்லாக் கொழுப்புக்கும் பொதுவான உறுப்பு என்று நிலைநாட்டியவர் ஷெவ்ரல். கிரேக்க மொழியில் இனிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தவரும் அவரே. அதுதான் மருந்துக் கடையில் நாம் கேட்டு வாங்கும் கிளிசரின்.

சோப்புக் காய்ச்சும்போது என்ன நடக்கிறது என்பதும் இப்போது விளங்கிவிட்டது. காரம் வந்து பங்காளிகளைப் பிரிக்கிறது. அமிலம் காரத்தோடு சேர்ந்து சோப்பு ஆகிறது. கிளிசரின் தனியே வெளியேறுகிறது.

அமிலங்கள் பல. கெட்டியானது ஸ்டியரிக் அமிலம். எண்ணெயாக ஓடுவது ஓலியிக் அமிலம். வெண்ணெயில் மட்டும் வேறு ஒன்று கிடைத்தது. அதன் நாற்றம் மூக்கைத் துளைத்தது. அதற்கு பியூட்டிரிக் அமிலம் என்று பெயர். வெண்ணெயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். நெய் காறிப்போனால் ஒரு நாற்றம் வருமே, அது இந்த அமிலம்தான். நல்ல நெய்யில் இது கிளிசரினோடு கட்டுண்டு கிடக்கிறது, அதனால் நாறுவதில்லை. கட்டு அவிழ்ந்தால் நாறுகிறது.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லவேண்டும். இந்த அமிலம் பால் கொழுப்பில் உண்டு. கடலை எண்ணெயில் இல்லை. வனஸ்பதியில் இல்லை. விலங்குக் கொழுப்பிலும் இல்லை. ஆகவே நெய்யில் கலப்படம் செய்தால், இந்த அமிலத்தின் அளவு குறைந்து காட்டிக் கொடுத்துவிடும். அதைப்போன்ற ஆவியாகும் அமிலங்களை அளந்து பார்க்கும் சோதனையை இன்றைக்கும் நெய்ப் பரிசோதனைச் சாலைகளில் செய்கிறார்கள். கல்கத்தாவில் நமது பிரபுல்ல சந்திர ராய் 1890-க்குப் பிறகு நெய்யையும் கடுகெண்ணெயையும் சோதித்தபோது, தம் கண் முன்னே பால் கறக்க வைத்து, அந்த வெண்ணெயில் எடுத்த நெய்யோடு கடை நெய்யை ஒப்பிட்டார். அவர் நடந்த பாதை ஷெவ்ரல் போட்ட பாதை. ராசிபுரத்துப் பாட்டிமார்கள் நெய்யைப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பார்களே, அந்தப் பாட்டிமார்களின் மூக்கும் ஏறக்குறைய அதே சோதனையைத்தான் செய்தது. ஆனால் பாட்டியின் மூக்குக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை!

திமிங்கிலமும் பித்தக் கல்லும்

திமிங்கில மெழுகிலிருந்து ஷெவ்ரல் எடுத்த வஸ்துதான் சீட்டைல் ஆல்கஹால். பெயரில் ஆல்கஹால் இருப்பதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். சாராயம் போலத் தோலை உலர்த்திவிடுமோ என்று கேட்கிறார்கள். உலர்த்தாது. அது வெள்ளை மெழுகு. தோலை மிருதுவாக்கும். கிரீமைக் கெட்டியாக்கும். இப்போது திமிங்கிலத்தைக் கொல்லத் தேவையில்லை. பனை வகை எண்ணெயிலிருந்தும் தேங்காய் எண்ணெயிலிருந்தும் செய்கிறார்கள்.

பித்தக் கல்லிலிருந்து அவர் தனித்துக் காட்டிப் பெயர் வைத்தது கொலஸ்டிரின். அதுதான் இன்று கொலஸ்டிரால். ரத்தத்தில் கூடினால் டாக்டர் கோபிப்பார். ஆனால் தோலின் மேல்புறத்தில் அது இல்லாவிட்டால் ஆபத்து. நம் தோலின் மேல் அடுக்கு செங்கல் சுவர் மாதிரி. செத்த செல்கள் செங்கற்கள். இடையில் பூசிய சாந்து மூன்று வகைக் கொழுப்பால் ஆனது. அந்த மூன்றில் கொலஸ்டிரால் ஒன்று, கொழுப்பு அமிலம் ஒன்று. செராமைடு மூன்றாவது. இந்தச் சாந்து உதிர்ந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிவிடும். வெள்ளை பூப்பதும் வெடிப்பதும் அதனால்தான்.

இனி 40 ரூபாய்ப் புட்டியையும் 800 ரூபாய்ப் புட்டியையும் பார்ப்போம்.

தோலுக்குப் பூசுவது எதுவாக இருந்தாலும் செய்யும் வேலை மூன்றுதான். ஈரத்தை இழுத்துப் பிடிப்பது ஒன்று. கிளிசரின் அதற்குக் கெட்டிக்காரன். ஈரம் வெளியே போகாமல் மூடுவது இன்னொன்று. அதில் வாசலைனை வெல்ல ஆளில்லை. வாசலைன் மண்ணெண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் செஸ்பரோ என்பவர் 1872-ம் ஆண்டில் உரிமை பெற்றது. ஷெவ்ரலுக்கு அதில் பங்கில்லை. மூன்றாவது வேலை, சொரசொரப்பை நிரப்பி மிருதுவாக்குவது. எண்ணெய்கள், ஸ்டியரிக் அமிலம், சீட்டைல் ஆல்கஹால் எல்லாம் அந்தக் கூட்டம்.

நம் அம்மாமார்கள் பூசிய ஸ்நோ நினைவிருக்கிறதா? கண்ணாடி டப்பாவில் வெள்ளையாக, முத்துப்போல் மின்னும். பூசினால் மறைந்துவிடும். அதில் பெரும்பகுதி தண்ணீர். மற்றது ஸ்டியரிக் அமிலம். அதில் ஒரு பங்கைக் காரம் சேர்த்துச் சோப்பாக்கி, கொஞ்சம் கிளிசரின் விட்டுக் கடைந்தால் ஸ்நோ. மின்னுகிறதே, அது ஸ்டியரிக் அமிலத்தின் படிகம். 1811-ல் ஷெவ்ரலின் பாத்திரத்தில் மின்னியதும் இதன் உறவுதான்! ஸ்நோ முகத்தை வழுவழுப்பாக்கும். ஆனால் மார்கழிப் பனி வெடிப்புக்குப் போதாது. மூடும் சக்தி குறைவு.

புட்டியின் முதுகில் உள்ள பட்டியலில், எது அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது சட்டம். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்தவை மட்டும் எந்த வரிசையிலும் வரலாம். இரண்டு புட்டியையும் பக்கத்தில் வைத்து, முதல் ஐந்து பெயர்களைப் படியுங்கள். பெரும்பாலும் தண்ணீர் முதலில் இருக்கும். பிறகு கிளிசரின், ஏதாவது ஓர் எண்ணெய், ஸ்டியரிக் அமிலம், சீட்டைல் ஆல்கஹால். இரண்டு புட்டியிலும் ஏறக்குறைய இதே ஆட்கள் என்றால், மீதி 760 ரூபாய் வாசனைக்கும் டப்பாவுக்கும் நடிகைக்கும் போகிறது. டப்பாவின் முகத்தில் பெரிதாக எழுதிய குங்குமப்பூ, பட்டியலின் கடைசியில் ஒதுங்கி நிற்பதையும் காணலாம். விலை கூடிய புட்டியில் செராமைடு போன்ற சரக்கு நிஜமாகவே சேர்ந்திருப்பதும் உண்டு. படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

நெய் எப்படி என்று கேட்பீர்கள். நெய் மூடும், மிருதுவாக்கும். ஆயுர்வேதத்தில் நெய்யைச் செம்புப் பாத்திரத்தில் நூறு முறை நீர் விட்டுக் கழுவி, வெள்ளைக் களிம்பாக்கித் தோலுக்குப் பூசும் முறை உண்டு. கொட்டமுத்து எண்ணெயும் கெட்டி, குதிகாலுக்கு நல்லது. கிளிசரினை மட்டும் அப்படியே பூசாதீர்கள். தண்ணீரோ பன்னீரோ கலந்து, குளித்த ஈரம் காய்வதற்குள் பூசுங்கள். வறண்ட காற்றில் தனிக் கிளிசரின், தோலின் ஈரத்தையே உறிஞ்சும். சொறி, கரப்பான், சிவப்பு இருந்தால் எந்தப் பூச்சுக்கும் முன் டாக்டரிடம் காட்டவேண்டும்.

ஏழையின் விளக்கு

ஷெவ்ரல் கதைக்கு வருவோம்.

அந்தக் காலத்து ஏழை வீடுகளில் மாட்டுக் கொழுப்பு மெழுகுவர்த்தி எரிந்தது. புகை, நாற்றம், உருகி வழிதல் எல்லாம் உண்டு. தேன்மெழுகு வர்த்தி பணக்காரருக்கும் கோயிலுக்கும்தான். ஸ்டியரிக் அமிலத்தில் வர்த்தி செய்தால் சுத்தமாக எரியும் என்று ஷெவ்ரல் கண்டார். கே-லுசாக் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1825-ம் ஆண்டில் உரிமை வாங்கினார். ஆனால் இருவருக்கும் வியாபாரம் வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து, மில்லி என்ற வேறொருவர் மலிவான முறை கண்டு பணம் சம்பாதித்தார். வெளிச்சம் ஊருக்கு, லாபம் இன்னொருவருக்கு!

அவரிடம் தவறே இல்லை என்றும் சொல்லமுடியாது. அந்த முத்து மின்னும் வஸ்துவை மார்கரிக் அமிலம் என்ற தனி வஸ்து என்று நம்பினார். முத்துக்குக் கிரேக்கச் சொல் மார்கரான். பின்னால் ஹைன்ட்ஸ் என்ற ஜெர்மானியர், அது ஸ்டியரிக் அமிலமும் பால்மிட்டிக் அமிலமும் கலந்த கலவை என்று காட்டினார். அவ்வளவு கவனமுள்ளவரும் அங்கே ஏமாந்தார். ஆனால் அவர் வைத்த பெயர் சாகவில்லை. 1869-ம் ஆண்டில் பிரான்சில் செயற்கை வெண்ணெய் செய்தபோது, அந்தப் பெயரிலிருந்தே அதற்கு மார்கரின் என்று பெயர் வந்தது.

சாயப் பட்டறையில்

1824-ம் ஆண்டில் அவரைக் கோபெலன் என்ற அரசாங்க நெசவுச் சாலையின் சாயப் பகுதிக்குத் தலைவர் ஆக்கினார்கள். படம் போட்ட கம்பளத் திரைகளை நெய்யும் இடம் அது. அங்கே ஒரு புகார். கறுப்பு நூல் கறுப்பாகத் தெரியவில்லையாம். ஷெவ்ரல் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் இருந்த நீல நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியது! ஒரு நிறம் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை விவரித்து 1839-ம் ஆண்டில் பெரிய புத்தகம் எழுதினார். ஓவியர்கள் அதைப் படித்துத் தங்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். பட்டுச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று தேர்ந்தெடுக்கும் ராசிபுரத்து நெசவாளருக்கு இந்தச் சங்கதி கைப்பழக்கத்தில் தெரியும்.

மேஜை தானே ஆடுகிறது, ஆவி பேசுகிறது என்று ஐரோப்பாவில் ஒரு பைத்தியம் பிடித்தது. ஷெவ்ரல் அதையும் ஆராய்ந்தார். ஆட்டுவது ஆவி அல்ல, தொட்டிருக்கும் மனிதர்களே தம்மை அறியாமல் ஆட்டுகிறார்கள் என்று 1854-ல் எழுதினார்.

1870-ம் ஆண்டில் ஜெர்மன் படைகள் பாரீசை முற்றுகையிட்டன. ஷெவ்ரலுக்கு வயது 84. பாரீசைவிட்டு அவர் ஓடவில்லை. அவர் தலைவராக இருந்த இயற்கைக் காட்சிசாலைத் தோட்டத்தில் குண்டுகள் விழுந்தன. செடி வளர்க்கும் கண்ணாடி வீடுகள் நொறுங்கின. கலைச்சாலையைக் குண்டு வீசி அழித்த கொடுமையை உலகம் மறக்கக்கூடாது என்று கண்டனம் எழுதிப் பதிவு செய்தார்.

நூறு வயதில் போட்டோ

வேலையை நிறுத்தும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. பிரான்சு நாட்டு மாணவர்களில் தாமே மூத்த மாணவர் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை. பிரெஞ்சுக்காரராகப் பிறந்தும் ஒயின் பிடிக்காது. அந்த நாட்டில் அது அதிசயம்தான்!

1886-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந்தேதி நூறு வயது நிறைந்தது. பாரீசில் பெரிய விழா எடுத்தார்கள். நாதார் என்ற புகழ்பெற்ற போட்டோக்காரர் அவரைப் பேட்டி கண்டார். பேசப் பேச, நாதாரின் மகன் படங்களாக எடுத்துத் தள்ளினார். பேட்டியைப் படங்களோடு பத்திரிகையில் போட்டார்கள். படங்களோடு வந்த முதல் பேட்டி அதுதான் என்பார்கள். நரைத்த தலை, கலைந்த முடி, உயர்த்திய விரல் என்று அந்தக் கிழவர் எதையோ விளக்கிக்கொண்டே இருக்கிறார்.

அடுத்த ஆண்டு பாரீசில் ஐபெல் கோபுரம் எழும்பத் தொடங்கியது. பிரான்சின் மேதைகள் 72 பேருடைய பெயர்களை அதன் முதல் தட்டைச் சுற்றிப் பொறித்தார்கள். பெரும்பாலோர் இறந்துபோனவர்கள். ஷெவ்ரல் உயிரோடு இருந்தார்.

1889-ம் ஆண்டு மார்ச் 31-ந்தேதி கோபுரத்தின் உச்சியில் கொடி ஏறியது. ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 9-ந்தேதி, ஷெவ்ரல் கண்ணை மூடினார். வயது 102.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கும்போது அந்த 72 பெயர்களையும் சேர்த்துப் பூசி மறைத்துவிட்டார்கள். 1986, 1987-ம் ஆண்டுகளில்தான் சுரண்டி மீட்டார்கள். இப்போது அவருடைய பெயர் மறுபடி தெரிகிறது.